நிரேன் டே சொன்ன பதில்

வக்கீல் தொழில் நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் மயிலாப்பூர் என்றாலே பெரிய வக்கீல்கள்தான் நினைவுக்கு வருவார்கள். சர் வி. பாஷ்யம் ஐயங்கார், சர் சி.பி. ராமஸ்வாமி ஐயர், அல்லாடி கிருஷ்ணஸ்வாமி ஐயர் எனச் சென்னை ராஜதானியின் அட்வகேட் ஜெனரலாக இருந்த மேதைகளின் பெயர்களை இன்றும் பெருமையுடன் சொல்கிறோம். அவர்கள் ஜெயித்த வழக்குகள், வாங்கிய ஃபீஸ், சட்டப் புலமை எல்லாம் கதை கதையாக நம் வீடுகளில் பேசப்பட்டவை.

ஆனால் சர்க்கார் வக்கீல் என்ற பதவியில் ஒரு தர்மசங்கடம் உண்டு. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. நாட்டின் பாதுகாப்பு என்ற பெயரில் சர்க்கார் ஒரு மனிதனைச் சிறையில் அடைக்கிறது, காரணம் சொல்ல மறுக்கிறது. கோர்ட்டில் எழுந்து நின்று அதை நியாயப்படுத்த வேண்டியவர் சர்க்கார் வக்கீல். அவர் எதுவரை பேசலாம்? எங்கே நிறுத்த வேண்டும்?

இந்தக் கேள்வி நம் நாட்டில் மிகக் கடுமையாக எழுந்தது நிரேன் டே அவர்களின் காலத்தில். 1968 நவம்பர் முதல் 1977 மார்ச் வரை இந்தியாவின் அட்டர்னி ஜெனரலாக இருந்தவர் அவர்.

பதவியும் மனிதரும்

அரசியல் சட்டத்தின் 76ஆவது ஷரத்து அட்டர்னி ஜெனரல் பதவியை உண்டாக்குகிறது. சுப்ரீம் கோர்ட் நீதிபதி ஆவதற்கான தகுதி உள்ளவரையே ஜனாதிபதி இப்பதவியில் நியமிக்கலாம். இந்தியாவின் எந்தக் கோர்ட்டிலும் அவர் வாதாடலாம். பார்லிமெண்டில் பேசலாம், ஓட்டுப் போட முடியாது. இத்தனை கௌரவம் இருந்தாலும் ஜனாதிபதி விரும்பும் வரைதான் அவர் பதவியில் இருக்க முடியும். நடைமுறையில் மந்திரிசபை விரும்பும் வரை என்று பொருள்.

முதல் அட்டர்னி ஜெனரல் எம்.சி. சேதல்வாட் 1950 முதல் 1963 வரை 13 ஆண்டுகள் பதவியில் இருந்தார். சர்க்காரின் வக்கீல் சர்க்காரின் ஏவலாள் அல்ல என்பதை அவர் ஒரு முறை நன்றாகவே காட்டினார். எல்.ஐ.சி. பணம் முந்த்ரா கம்பெனிகளில் முடக்கப்பட்ட விவகாரத்தை 1958இல் நீதிபதி சாக்ளா விசாரித்தபோது, கமிஷனுக்கு உதவியாக நின்ற சேதல்வாட், மந்திரிக்கும் இதில் பொறுப்பு உண்டு என்று எடுத்துச் சொல்லத் தயங்கவில்லை. நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா செய்தார். அவருக்கு எதிராகப் பேசியவர் அதே சர்க்காரின் முதல் வக்கீல். இருந்தும் சேதல்வாட் இன்னும் ஐந்து ஆண்டுகள் பதவியில் தொடர்ந்தார். அது ஒரு காலம்.

அவருக்குப் பின் சி.கே. தஃப்தரி வந்தார். அதற்குப் பின் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்த நிரேன் டே பதவி உயர்வு பெற்றார். அவருக்கு வாய்த்த ஆண்டுகள் சுலபமானவை அல்ல. 1969இல் 14 வங்கிகள் தேசியமயமாக்கப்பட்டன. 1970 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் அந்தச் சட்டத்தை 10க்கு 1 என்ற கணக்கில் ரத்து செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் மன்னர் மானிய ஒழிப்பு உத்தரவும் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில், அரசியல் சட்டத்தைத் திருத்த பார்லிமெண்டுக்கு வரம்பில்லாத அதிகாரம் உண்டு என்ற சர்க்கார் வாதத்தை 13 நீதிபதிகளில் ஏழு பேர் ஏற்க மறுத்தார்கள். அந்தத் தீர்ப்பையே மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று சர்க்கார் கேட்டதால் 1975 நவம்பர் 10ஆம் தேதி மீண்டும் 13 நீதிபதிகள் கூடினார்கள். இரண்டே நாள் வாதத்துக்குப் பின் தலைமை நீதிபதி ஏ.என். ராய் அந்த பெஞ்சைக் கலைத்துவிட்டார்.

பெரிய வழக்குகளில் தோல்வி கண்ட ஒரு அட்டர்னி ஜெனரல் மிகப் பெரிய வெற்றி பெற்ற வழக்கு ஒன்று உண்டு. இன்று அவர் பெயர் நினைக்கப்படுவதே அதனால்தான். ஆனால் அந்த வெற்றி அவருக்குப் பெருமை சேர்க்கவில்லை.

சென்னையில் விழுந்த விதை

அந்த வழக்கைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னால் போக வேண்டும். சட்டம் நிர்ணயித்த முறைப்படி அல்லாமல் எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்பது 21ஆவது ஷரத்து. அமெரிக்காவில் உள்ளதுபோல், அந்த முறை நியாயமானதுதானா என்று கோர்ட் ஆராயும் வகையில் வாசகம் அமைக்க முதலில் எண்ணம் இருந்தது. அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா சென்று நீதிபதி ஃப்ராங்ஃபர்ட்டரைச் சந்தித்து வந்த பின் அந்த எண்ணம் கைவிடப்பட்டது. நகல் கமிட்டியில் இருந்த அல்லாடியும் இந்த மாற்றத்தை ஆதரித்தார். சீர்திருத்தச் சட்டங்களுக்குக் கோர்ட்டுகள் முட்டுக்கட்டை ஆகிவிடக் கூடாது என்பது அவர் கவலை. நியாயமான கவலைதான். ஆனால் அந்த வாசகம் வேறொரு வாசலையும் திறந்து வைத்தது.

அரசியல் சட்டம் அமலுக்கு வந்து ஒரு மாதத்தில் தடுப்புக் காவல் சட்டம் வந்தது. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் 1947 டிசம்பர் முதலே காவலில் இருந்தவர். 1950 மார்ச் 1ஆம் தேதி அவர் மீது புதுச் சட்டப்படி உத்தரவு பிறந்தது. ‘கோபாலன் எதிர் சென்னை மாகாணம்’ என்ற பெயரில் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. கோபாலனுக்காக எம்.கே. நம்பியார் வாதாடினார். சென்னை சர்க்காருக்காக அட்வகேட் ஜெனரல் கே. ராஜா ஐயரும், மத்திய சர்க்காருக்காக சேதல்வாடும் வாதாடினார்கள். சட்டம் என்றால் சட்டசபை இயற்றிய சட்டம்தான், அது நியாயமா என்று கேட்கும் வேலை கோர்ட்டுக்கு இல்லை என்பது சர்க்கார் தரப்பு.

1950 மே 19ஆம் தேதி தீர்ப்பு வந்தது. காவலுக்கான காரணங்களைக் கோர்ட்டில்கூட வெளியிடக் கூடாது என்ற 14ஆவது பிரிவை ஆறு நீதிபதிகளும் ஒருமனதாக ரத்து செய்தார்கள். மற்றபடி சட்டம் செல்லும் என்பது பெரும்பான்மை முடிவு. பெரும்பான்மையில் ஒருவர், பின்னர் தலைமை நீதிபதியான எம். பதஞ்சலி சாஸ்திரி. ஜனநாயக அரசியல் சட்டத்தில் தடுப்புக் காவல் என்பது பொருந்தாத, விபரீதமாகத் தோன்றும் அம்சம் என்று அவரே எழுதினார். எழுதிவிட்டு, வாசகம் அப்படித்தான் இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டார். நீதிபதி ஃபஸ்ல் அலி மட்டும் நம்பியார் பக்கம் நின்று மாறுபட்டார்.

இந்த வாதத்தை முன்வைத்தவர்களில் தீயவர் ஒருவரும் இல்லை. அறிவிலும் ஒழுக்கத்திலும் நாம் போற்றும் பெரியவர்கள். தங்கள் காலத்து சர்க்கார் நல்ல சர்க்கார் என்ற நம்பிக்கையில் பேசினார்கள். வாதம் மட்டும் அவர்களோடு ஓய்வு பெறவில்லை.

1975: சட்டம் மௌனமான காலம்

1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை பிரகடனம் ஆயிற்று. 27ஆம் தேதி ஜனாதிபதி உத்தரவு ஒன்று வந்தது. 14, 21, 22 ஆகிய ஷரத்துகள் தரும் உரிமைகளுக்காகக் கோர்ட்டை அணுகும் உரிமை நிறுத்தி வைக்கப்பட்டது. ‘மிசா’ என்று ஜனங்கள் பயத்தோடு சொன்ன உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில், காவலுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை என்று திருத்தம் செய்யப்பட்டது. மிசாவின் கீழ் மட்டும் சுமார் 35,000 பேர் அடைக்கப்பட்டதாகப் பின்னர் ஷா கமிஷன் கணக்கிட்டது.

சிறையில் இருந்தவர்களுக்காக நாடு முழுவதும் ஹேபியஸ் கார்ப்பஸ் என்னும் ஆட்கொணர்வு மனுக்கள் போடப்பட்டன. டெல்லியில் பத்திரிகையாளர் குல்தீப் நய்யாரின் மனைவி கொடுத்த மனுவை நீதிபதிகள் எஸ். ரங்கராஜனும் ஆர்.என். அகர்வாலும் விசாரித்தார்கள். தீர்ப்பு வருவதற்கு முன்பே சர்க்கார் நய்யாரை விடுதலை செய்துவிட்டது. இனித் தீர்ப்பு தேவையில்லை என்ற வாதத்தை ஏற்காமல் இருவரும் தீர்ப்பைச் சொல்லியே தீர்ந்தார்கள். பலன், ரங்கராஜன் கௌஹாத்திக்கு மாற்றப்பட்டார். அகர்வால் பழையபடி செஷன்ஸ் கோர்ட்டுக்கே அனுப்பப்பட்டார். இருந்தும் மொத்தம் ஒன்பது ஹைகோர்ட்டுகள், ஜனாதிபதி உத்தரவு இருந்தாலும் காவல் உத்தரவு சட்டப்படி சரியா என்று பார்க்கும் அதிகாரம் தங்களுக்கு உண்டு என்று கூறின.

சர்க்கார் அப்பீல் செய்தது. ‘ஜபல்பூர் கூடுதல் ஜில்லா மாஜிஸ்ட்ரேட் எதிர் சிவகாந்த் சுக்லா’ என்பது வழக்கின் பெயர். தலைமை நீதிபதி ராய், எச்.ஆர். கன்னா, எம்.எச். பெக், ஒய்.வி. சந்திரசூட், பி.என். பகவதி ஆகிய ஐவர் முன் 1975 டிசம்பரில் வாதம் தொடங்கியது.

நிரேன் டேயின் வாதம் ஒரு கணக்குப்போல் இருந்தது. தனிமனித சுதந்திரம் என்பது 21ஆவது ஷரத்தில் மட்டுமே குடியிருக்கிறது. அந்த ஷரத்துக்காகக் கோர்ட்டுக்கு வரும் உரிமை நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே காவலில் உள்ளவருக்குக் கோர்ட்டில் நிற்கவே பாத்தியதை இல்லை. உத்தரவு சட்டவிரோதமா, துவேஷத்தால் பிறந்ததா என்ற கேள்விகளுக்கே இடமில்லை.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த நீதிபதி கன்னா ஒரு கேள்வி கேட்டார். 21ஆவது ஷரத்தில் சுதந்திரத்தோடு உயிரும் சேர்ந்தல்லவா இருக்கிறது? ஒரு போலீஸ் அதிகாரி சொந்த விரோதம் காரணமாக ஒருவரைக் கொன்றுவிட்டால், அதற்கும் பரிகாரம் இல்லையா? நெருக்கடி நிலை நீடிக்கும் வரை கோர்ட்டில் பரிகாரம் இல்லை என்பதே நிரேன் டேயின் பதில். சட்டவிரோதமாக உயிரே பறிக்கப்பட்டாலும் கோர்ட்டுகள் கைகட்டி நிற்க வேண்டியதுதான் என்று அவர் சொன்னதாகக் கன்னா தம் சுயசரிதையில் பதிவு செய்திருக்கிறார்.

நீதிபதிகளின் மனசாட்சியை உலுக்குவதற்காகவே அவர் வேண்டுமென்று அப்படி அப்பட்டமாகச் சொன்னார் என்று வக்கீல்கள் வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அவர் மனத்தில் என்ன இருந்தது என்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் மழுப்பவில்லை. தம் வாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை மறைக்காமல் சொன்னார். அதைக் கேட்ட பிறகும் நான்கு நீதிபதிகள் அந்த வாதத்தை ஏற்றார்கள்.

சபையில் ஒரு குரல்

1976 ஏப்ரல் 28ஆம் தேதி தீர்ப்பு 4க்கு 1 என்று சர்க்காருக்குச் சாதகமாக வந்தது. காவலில் உள்ளவர்களைச் சர்க்கார் ஏறக்குறையத் தாயின் பரிவோடு கவனித்துக் கொள்கிறது என்று நீதிபதி பெக் எழுதினார்.

அந்த வார்த்தைகள் எழுதப்பட்ட சமயத்தில் கேரளத்தில் என்ன நடந்தது என்பதை நாடு பின்னால்தான் அறிந்தது. கள்ளிக்கோட்டை ரீஜனல் எஞ்சினீயரிங் கல்லூரி மாணவர் ராஜன், 1976 மார்ச் 1ஆம் தேதி போலீஸால் பிடித்துச் செல்லப்பட்டார். கக்கயம் முகாமில் சித்திரவதையில் உயிரிழந்தார். டெல்லியில் வாதங்கள் முடிந்து, தீர்ப்பு இன்னும் வராத இடைவெளி அது. முறையான காவல் உத்தரவுகூட இல்லாமல் பறிபோன உயிர். நீதிபதி கன்னாவின் கேள்வி கற்பனைக் கேள்வி அல்ல என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நெருக்கடி நிலை முடிந்த பிறகு, 1977இல்தான் அந்தத் தந்தையால் கேரள ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட முடிந்தது. கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்த ஆள் இல்லை.

மகாபாரதத்தில் திரௌபதி சபையில் கேட்டதும் ஒரு சட்டக் கேள்விதான். தன்னையே தோற்றவர் பிறகு மனைவியைப் பணயம் வைக்க முடியுமா? பீஷ்மர் தர்மம் சூக்ஷ்மமானது, பதில் சொல்ல இயலவில்லை என்றார். சாஸ்திரம் தெரிந்தவர்கள் எல்லாரும் தலைகுனிந்து இருந்த சபையில் விகர்ணன் ஒருவன்தான் எழுந்து, இது அநியாயம் என்றான். 1976இல் அந்த இடத்தில் நின்றவர் கன்னா. அரசியல் சட்டத்தில் 21ஆவது ஷரத்தே இல்லாவிட்டாலும், சட்ட அதிகாரம் இன்றி ஒருவர் உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்கும் உரிமை சர்க்காருக்குக் கிடையாது என்று அவர் தனியாக எழுதினார். இந்தத் தீர்ப்பு தமக்குத் தலைமை நீதிபதி பதவியை இழக்கச் செய்யும் என்று முன்கூட்டியே தம் சகோதரியிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதினார். அப்படியே நடந்தது. 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி பெக் தலைமை நீதிபதியாக அறிவிக்கப்பட்டார். கன்னா ராஜினாமா செய்தார்.

சர்க்கார் வக்கீல்களிலும் வேறு வழி கண்டவர் உண்டு. 1972 முதல் கூடுதல் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்த ஃபாலி நாரிமன், நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட ஓரிரு நாளில் ராஜினாமா செய்தார். மகாராஷ்டிரத்தின் அட்வகேட் ஜெனரலாக 1957 முதல் 1974 வரை இருந்த எச்.எம். சீர்வை, கேசவானந்த வழக்கில் கேரள சர்க்காருக்காக வாதாடியவர்தான். அவரே ஜபல்பூர் தீர்ப்பைத் தாட்சண்யமின்றிக் கண்டித்துத் தனியாகப் புத்தகம் எழுதினார். சர்க்காருக்காக வாதாடுவது வேறு, சர்க்கார் சொன்னதெல்லாம் சரி என்பது வேறு என்பதை இருவரும் தத்தம் வழியில் காட்டினார்கள்.

வெற்றி கரைந்த கதை

1977 மார்ச்சில் சர்க்கார் தோற்றது. அம்மாத முடிவோடு நிரேன் டேயின் பதவிக் காலமும் முடிந்தது. அவர் வென்ற வாதம் அதற்குப் பின் படிப்படியாகக் கரைந்தது. 1978 ஜனவரியில் மேனகா காந்தி வழக்கில், சட்டம் நிர்ணயித்த முறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் கூறியது. 28 ஆண்டுகளுக்கு முன் நம்பியார் கேட்டதும் அதுதான். அதே ஆண்டு இயற்றப்பட்ட 44ஆவது திருத்தம், எந்த நெருக்கடியிலும் 20, 21ஆவது ஷரத்துகளை நிறுத்தி வைக்க முடியாது என்று ஆக்கியது. நீதிபதி பகவதி 2011இல் தம் தீர்ப்பு தவறு என்று வருத்தம் தெரிவித்தார்.

கடைசியில் 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி, அந்தரங்க உரிமை பற்றிய புட்டஸ்வாமி வழக்கில், ஒன்பது நீதிபதிகள் பெஞ்ச் ஜபல்பூர் தீர்ப்பைத் தவறென்று அறிவித்தது. அதை எழுதிய டி.ஒய். சந்திரசூட், 1976இல் சர்க்கார் பக்கம் தீர்ப்பளித்த ஒய்.வி. சந்திரசூட்டின் புதல்வர். அந்தரங்கம் அடிப்படை உரிமை அல்ல என்று சர்க்காருக்காக வாதாடிய அட்டர்னி ஜெனரல் கே.கே. வேணுகோபாலோ, கோபாலனுக்காக வாதாடிய எம்.கே. நம்பியாரின் புதல்வர். தந்தை குடிமகன் பக்கம், மகன் சர்க்கார் பக்கம். இதில் குற்றம் ஒன்றும் இல்லை. வக்கீல் தொழிலின் இயல்பு அது. இரு தரப்பையும் முழுமையாகக் கேட்டால்தான் கோர்ட் சரியான முடிவுக்கு வர முடியும்.

நாட்டின் பாதுகாப்பு என்பதும் வெறும் சாக்கு அல்ல. எல்லையில் எதிரி உண்டு, உள்ளே வெடிகுண்டு வைப்பவர்கள் உண்டு, வெளியில் சொல்ல முடியாத தகவல்களும் உண்டு. அவற்றைக் காப்பதற்கு சர்க்காருக்குத் திறமையான வக்கீல் வேண்டும். ஆனால் பாதுகாப்பு என்ற சொல்லைச் சொன்ன மாத்திரத்தில் கோர்ட் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்ற வாதம் இன்றும் தலைகாட்டுகிறது. பெகாசஸ் விவகாரத்தில் 2021 அக்டோபரிலும், மீடியா ஒன் டெலிவிஷன் வழக்கில் 2023 ஏப்ரலிலும், அந்தச் சொல் மட்டும் போதாது என்று சுப்ரீம் கோர்ட் சர்க்காருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. 44ஆவது திருத்தத்தில் தடுப்புக் காவலுக்குக் கூடுதல் பாதுகாப்பு தரும் 3ஆவது பிரிவு மட்டும், எத்தனையோ கட்சிகள் ஆட்சிக்கு வந்து போன பிறகும், இன்றுவரை அமலுக்குக் கொண்டுவரப்படவில்லை.

நிரேன் டேயின் வாழ்க்கை நமக்குச் சொல்வது இதைத்தான். சர்க்கார் வக்கீலின் முக்கியமான வேலை கோர்ட்டில் நடப்பதல்ல, அதற்கு முன் மந்திரியின் அறையில் நடப்பது. இந்த வாதம் இவ்வளவு தூரம்தான் போகும், இதற்கு மேல் போனால் நாம் என்ன சொன்னவர்கள் ஆவோம் என்பதை அங்கேயே சொல்லிவிட வேண்டும். திருதராஷ்டிரனின் உப்பைத் தின்றவர்தான் விதுரரும். ஆனால் சூதாட்டத்துக்கு முன்பே அரசனிடம் வேண்டாம் என்று சொன்னவர் அவர். அரசன் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

நம் வீட்டுப் பிள்ளைகளும் பெண்களும் இன்று டெல்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் கோர்ட்டுகளில் கறுப்பு அங்கி அணிந்து நிற்கிறார்கள். சிலர் சர்க்கார் வக்கீல் பேனலிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அல்லாடியின் புலமையைச் சொல்லி வளர்ப்போம். கூடவே 1975இன் அந்தக் கேள்வியையும் பதிலையும் சொல்லி வைப்போம். கேஸ் முடிந்ததும் கட்டு மூடப்படும். சொன்ன வாதம் அடுத்த சர்க்காருக்கும் அதற்கடுத்த சர்க்காருக்கும் கைக்கருவியாக ரிக்கார்டில் கிடக்கும்.